அஸ்தமனம் சார் அடித்த காலிங் பெல்

மன்னிப்புக் கேட்டே ஒரு மனிதர் ஒரு தெருவை நடுங்க வைக்க முடியும் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். இரும்புலியூரில் எங்கள் அடுக்ககத்துக்கு அஸ்தமனம் சார் குடிவரும் வரைக்கும் நானும் நம்பியிருக்கமாட்டேன். மற்ற ஊர்களில் திருடனுக்குப் பயந்து வாசல் கதவில் கண்ணாடித் துவாரம் வைப்பார்கள். எங்கள் கட்டடத்தில் மன்னிப்புக்குப் பயந்து வைத்தார்கள்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. தாம்பரத்தில் பிறந்து, தாம்பரத்தில் படித்து, தாம்பரத்திலேயே மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆள் கட்டை குட்டை. குரல் மட்டும் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

முதல் நாளே அந்தக் குரலை என்மேல்தான் பிரயோகித்தார். அவருடைய சாமான் ஏற்றிய லாரி கேட்டுக்குள் நுழைய முடியாமல் நின்றது. குறுக்கே என் ஸ்கூட்டர். நான் மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"எவன்யா அது வண்டிய நட்ட நடுவுல வுட்டுகினு போனவன்? இடம் இன்னா உங்க மாமனார் சீதனமா குட்த்தாரா? கீழ எறங்கு மேன்!"

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடினேன். எனக்கு அப்போதே ஐம்பது வயது. அரசாங்க வேலை, பத்திரிகையில் எழுதுகிறவன் என்று கொஞ்சம் மரியாதையும் இருந்தது. வண்டியைத் தள்ளி நிறுத்தும்வரை அவர் என் பரம்பரையை விசாரித்து முடித்துவிட்டார். மாமனார் எனக்கு அந்த இடத்தைச் சீதனமாகக் கொடுக்கவில்லை என்பதை என் மனைவி வேறு மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை காலிங் பெல் அடித்தது. திறந்தால் அதே மனிதர். குளித்து, தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிச்சத்தைத் திட்ட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், காலைல கத்துனது நான்தான். ரொம்பப் பேசிட்டேன். மன்னிச்சிக்கணும்."

"ஐயோ, அதெல்லாம் பரவாயில்லை சார்..."

"பரவால்லன்னா இன்னா அர்த்தம்? மன்னிச்சிட்டீங்களா, இல்லியா? சீக்கிரம் சொல்லுங்க சார். சூரியன் எறங்குது, இன்னும் ரெண்டு வூடு கீது எனக்கு."

மன்னித்துவிட்டேன் என்றேன். வாழைப்பழத்தைக் கையில் திணித்துவிட்டுப் படியில் ஓடினார். பாதியில் நின்று திரும்பினார்.

"ஆனா வண்டிய அங்க வுட்டது ராங்கு சார். அத்த நாளைக்குக் காலைல பேசிக்கலாம்."

சொன்னபடியே மறுநாள் காலை பேசினார். தெருமுனை டீக்கடை வரை கேட்டது. மாலையில் மறுபடியும் வாழைப்பழம்.

விஷயம் இதுதான். அவர் கிறிஸ்தவர். கோபம் வந்தால் வரட்டும், ஆனால் சூரியன் மறைவதற்குள் அது தணிந்துவிட வேண்டும் என்று அவர்களுடைய வேதத்தில் ஒரு வசனம் இருக்கிறது. கோடிக்கணக்கான பேர் அதைப் படித்து, நல்ல வசனம் என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். இவர் அதை ரயில்வே அட்டவணை மாதிரி எடுத்துக்கொண்டார். அவருடைய கைபேசியில் அன்றைய அஸ்தமன நேரம் எப்போதும் தெரியும். பகலில் எத்தனை பேரோடு சண்டை போட்டாரோ அத்தனை பேர் வீட்டுக் கதவையும் அந்த நேரத்துக்குள் தட்டி முடித்தாக வேண்டும். கோபம் வராமல் பார்த்துக்கொண்டால் இந்த ஓட்டம் தேவையில்லையே என்று ஒருமுறை கேட்டேன்.

"கோவமே படாதன்னு அதுல போடல சார்," என்றார்.

வெயில் காலத்தில் தாராளமாகச் சண்டை போடுவார், பொழுது நீளமாக இருக்கும். டிசம்பரில் சீக்கிரம் இருட்டிவிடுவதால் சண்டைகளைக் குறைத்துக்கொள்வார். இதையும் பொறுத்துக்கொள்ளலாம். இதில் அவர் கண்டுபிடித்து வைத்திருந்த சந்து ஒன்று இருந்தது. அதுதான் எங்களை அதிரவைத்தது. சூரியன் மறைந்தபிறகு போடுகிற சண்டைக்கு மறுநாள் அஸ்தமனம் வரை கெடு உண்டு. ஆகவே ஆற அமரப் போட வேண்டிய பெரிய சண்டைகளை எல்லாம் ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொள்வார். ஒரு நாள் முழுக்க அவகாசம் இருக்கும் தெம்பில் அவர் பேசுகிற பேச்சைக் கேட்கவேண்டுமே! குடியிருப்போர் சங்கக் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்துக்கொண்டிருந்த எங்கள் செயலாளர், இரண்டே கூட்டத்தில் அதை மாலை நான்கு மணிக்கு மாற்றினார். நான்கு மணிக் கூட்டத்தில் அஸ்தமனம் சார் பச்சைக் குழந்தை.

வேலையிலும் இதே கதைதான். டை கட்டிய கனவான் ஒருவர் டிக்கெட் இல்லாமல் முதல் வகுப்பில் வந்து இவரிடம் மாட்டினார். இவர் நடைமேடையில் எல்லோரும் பார்க்கக் காய்ச்சி எடுத்து அபராதம் போட்டார். மாலையில் அதே கனவான் வீடு திரும்ப ரயிலுக்கு நிற்கும்போது, தூரத்தில் கறுப்புக் கோட்டு தன்னை நோக்கி ஓடிவருவதைப் பார்த்தார். இந்த முறை அவரிடம் டிக்கெட் இருந்தது. இருந்தும் ஓடினார். மேம்பாலப் படிக்கட்டில் ஏறி, இறங்கி, பழக்கடைகளுக்கு நடுவே புகுந்து ஓடுகிறவரைத் துரத்திக்கொண்டே, "நில்லு சார், மன்னிச்சிட்டு ஓடு சார்" என்று இவர் கத்தியதைத் தாம்பரமே பார்த்தது. கையில் வாழைப்பழம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

இப்படி ஊர் முழுக்கச் சமாதானம் செய்துவந்த மனிதருக்குக் கூடப்பிறந்தவள் ஒருத்திதான், பள்ளிக்கரணையில் இருக்கும் தங்கை. அவளோடு வருஷக்கணக்காகப் பேச்சு இல்லை. இந்தத் தகவல் அவருடைய மனைவி மூலம் என் மனைவிக்கு வந்து, சாப்பாட்டோடு சாப்பாடாக எனக்குப் பரிமாறப்பட்டது. பள்ளியில் வேலை பார்ப்பதால் அவர் மனைவியை நாங்கள் டீச்சர் என்போம்.

முன்பின் தெரியாத டை கட்டிய ஆளைத் துரத்திப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறவர், பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் சொந்தத் தங்கையை விட்டுவைத்திருக்கிறாரா?

"நீங்க கேக்காதீங்க," என்றாள் மனைவி. "டீச்சர் கேட்டாலே எழுந்து போயிடறாராம். தினமும் சாயங்காலம் எல்லா ரவுண்டும் முடிச்சுட்டு, பால்கனில கிழக்கு பக்கம் பாத்து நின்னுட்டே இருக்காராம்."

பள்ளிக்கரணை எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு மணியை அவர் அடிக்கும்போதெல்லாம் அடிக்காத அந்த இன்னொரு மணி எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது.

ஆனால் அவருக்காக ரொம்ப நேரம் உருகவும் முடியாது. உருக ஆரம்பிப்பதற்குள் அடுத்த அதிர்ச்சியைக் கொடுத்துவிடுவார். ஒரு நாள் என் ஸ்கூட்டர் மக்கர் செய்தது. அவர் பைக்கில் கிளம்பிக்கொண்டிருந்தார். தாம்பரம் ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொல்லி ஏறிக்கொண்டேன். ஸ்டேஷன் வந்தது. வண்டி நிற்கவில்லை. முதுகில் தட்டினேன், கத்தினேன். சானடோரியம் தாண்டி, குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டார்.

"இன்னா சார் மொறைக்கிறீங்க? ஒரு மைல் வான்னு கூப்ட்டா ரெண்டு மைல் போவணும்னு கீது."

"சார், பீச் வண்டி தாம்பரத்தில்தான் காலியாகக் கிளம்பும். உட்கார்ந்து போக ஆசைப்பட்டு அங்கே ஏற நினைத்தேன்!"

"அத்த ஏறும்போதே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டு போனார். மாலையில் வந்து அதற்கும் மன்னிப்புக் கேட்டார். நான் பீச் வரை நின்றுகொண்டே போன கால் வலி மட்டும் அப்படியே இருந்தது.

கிறிஸ்துமஸ் இன்னும் பெரிய அதிர்ச்சி. காலையிலிருந்தே மாடிப்படியெல்லாம் பிரியாணி வாசனை. முதல் வருஷமாயிற்றே, கட்டடத்துக்கே அழைப்பு வரும் என்று பல வீடுகளில் சமையல் செய்யவில்லை. பன்னிரண்டு மணிக்கு விருந்தாளிகள் வந்தார்கள். குப்பை வண்டி ஓட்டுகிறவர், ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் கண் தெரியாத அம்மா, பக்கத்துக் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டு ஆட்கள், எங்கள் வாட்ச்மேன், அவருடைய சம்சாரம் என்று வரிசையாகப் போனார்கள். எங்களில் ஒருவருக்கும் அழைப்பு இல்லை. ஒரு மணிக்குமேல் பசி தாங்காமல் நான் படியில் அவரை நிறுத்தினேன்.

"என்ன சார், எங்களுக்கெல்லாம் இல்லையா?"

"உங்கள கூப்ட முடியாது சார். விருந்து வெச்சா திருப்பிக் கூப்ட வசதி இல்லாதவங்கள கூப்டுன்னு கீது. நீங்க தீபாவளிக்கு என்ன கூப்ட்ருவீங்க. அப்பால அந்த விருந்துக்கு மரியாதையே பூடும்."

கூப்பிடமாட்டேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். என் மனைவி உள்ளே இழுத்துப்போய்த் தயிர்சாதம் போட்டாள்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோகும்போது பெல் அடித்தது. கோட்டு சூட்டில், மூச்சு வாங்க அவர். முந்தின இரவு தண்ணீர் மோட்டார் விஷயமாக என்னை நார் நாராகக் கிழித்திருந்தார். சர்ச்சில் காணிக்கைப் பை இவரிடம் வந்த நேரத்தில் அது ஞாபகம் வந்துவிட்டது. ஒருவனோடு மனஸ்தாபம் இருந்தால் காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகிவிட்டு வா என்று இருக்கிறதாம். பையைப் பக்கத்துச் சீட்டுக்காரர் மடியில் வைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"மன்னிச்சிட்டீங்களா? சீக்கிரம் சார், அங்க மொத்த சர்ச்சும் வெயிட் பண்ணிகினு கீது."

ஒரு சபை முழுவதையும் என் இட்லிக்காகக் காக்கவைத்த பாவம் எனக்கு வேண்டாம் என்று அவசரமாக மன்னித்தேன்.

எங்களுக்குள் நடந்த சண்டையையும் அவர் விடவில்லை. நானும் மனைவியும் எதற்கோ முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கு ஓர் அறையில் இருந்த மாலை அவர் வழக்கமான மன்னிப்புக்கு வந்தார். காபி ஒருவர் கொண்டுவர, டம்ளரை இன்னொருவர் வாங்காததைப் பார்த்தார். சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள இன்னொரு கேஸு ஓடிகினு கீது போல. முடிங்க. நான் குந்திகினு கீறேன்."

"சார், இது எங்க குடும்ப விஷயம்," என்றேன்.

"சூரியன் இன்னா குடும்பம் குடும்பமா தனித்தனியாவா எறங்குது? சீக்கிரம் சார்."

மானம் போகிறதே என்று நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவர் கைபேசியைப் பார்த்தார். அந்த அவஸ்தையில் எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை எதற்கு என்பது இன்றுவரை நினைவில்லை.

அன்று அவரை வாசல்வரை கொண்டுவிடப் போனேன். சிரித்த தைரியத்தில் கேட்டுவிட்டேன். "எல்லார் வீட்டுக் கேஸையும் முடிக்கிறீங்க. பள்ளிக்கரணை கேஸ் என்ன சார் ஆச்சு?"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"அது டைம் முடிஞ்ச கேஸு சார். தேதி போன சீசன் டிக்கெட்டு. அத்த வெச்சுகினு வண்டி ஏற முடியாது."

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில் மகள் வீட்டில் இருந்து இறந்தவர். அப்பாவின் நினைவு நாள் ஜெபத்துக்கு இவர் பள்ளிக்கரணை போயிருக்கிறார். டிசம்பர் மாசம். பாட்டுப் பாடும்போது இவர் எடுத்த சுருதியைக் கேட்டுத் தங்கை எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டாள். சாப்பாட்டு நேரத்தில் அது வாய்ச்சண்டையாகி, இருட்டியபிறகு பெரிதாகி, இவர் ஒரு வார்த்தை விட்டுவிட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"'உன் வூட்ல வந்து கெடந்ததாலதான் அப்பா சீக்கிரம் பூட்டாரு'ன்னு சொன்னேன் சார். அவ அப்பாவ கொழந்த மாதிரி பாத்துகினா. நெஞ்சறிய தெரியும் எனக்கு. தெரிஞ்சும் சொன்னேன்."

நான் கேட்ட அவருடைய வசவுகளில் எல்லாம் கேட்டவர் மறுநாள் சிரித்துக்கொள்ளக்கூடிய ஏதோ ஒன்று இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை.

இருட்டியபிறகு போட்ட சண்டை, நாளைச் சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது என்று வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். விடிந்தால் பேய்மழை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துத் தண்ணீர் சாலைக்கு ஏறிவிட்டது. டெலிபோன் எதுவும் வேலை செய்யவில்லை. கிடைத்த வண்டியில் மேடவாக்கம்வரை போய், அங்கிருந்து முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடந்திருக்கிறார். குறுக்கே கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றிருக்கிறார்.

"மேகத்துக்குப் பின்னால சூரியன் எங்க கீதுன்னே தெர்ல சார். போன எடுத்துப் பாத்தேன். டைம் தாண்டிடுச்சு. திரும்பி வந்துட்டேன்."

"தண்ணி வடிஞ்சதும் போயிருக்கலாமே சார்!"

"எந்த மூஞ்ச வெச்சுகினு போறது? மத்தவங்களுக்குலாம் ஓடறனே, அன்னிக்கு ஒரு நாள் வுட்டதாலதான் சார் ஓடறேன். இன்னொன்னு தேதி தாண்டக் கூடாதுன்னு."

மழையில் நின்ற மனிதரை எப்படித் திட்டுவது? நான் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தேன்.

இது நடந்து சில மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை பெல் அடித்தது. காலையில் வண்டி நிறுத்துகிற இடத்துக்காக என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். ஆகவே மன்னிப்பதற்குத் தயாராகவே கதவைத் திறந்தேன். வெள்ளைச் சட்டை இல்லை, வாழைப்பழம் இல்லை. லுங்கியோடு நின்றார்.

"பாப்பா ஊரவுட்டே போவுதாம் சார்," என்றார்.

தங்கையும் அவள் கணவரும் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகனோடு ஒரேயடியாகத் தங்கப் போகிறார்கள். இரவு விமானம், சூரியன் மறைகிற நேரத்துக்குக் கார் வரச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் எல்லாம் தெரிந்தும், சொன்னால் எழுந்து போய்விடுவாரே என்று கடைசிவரை சொல்லாமல் இருந்திருக்கிறார்.

"வண்டி எடுத்தேன் சார். கை நிக்கல. நீங்க ஓட்றீங்களா?"

என் மனைவி என் சட்டையை எடுத்து என்மேல் எறிந்தாள். அவருக்கும் என் வேட்டி ஒன்றைக் கொடுத்தாள்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணைக்குச் சனிக்கிழமை மாலையில் ஸ்கூட்டர் ஓட்டியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருங்கள். சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. என் பக்கக் கண்ணாடியில் அது சிவப்பாகத் தெரிந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் தோள் வழியாக எட்டி எட்டி அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கேம்ப் ரோடு சந்திப்பில் ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே புகுந்தது.

"யோவ் சாவு கிராக்கி! கண்ண வூட்லயே வெச்சுட்டு வந்தியா?"

அடுத்த நொடி என் தோளைக் குலுக்கினார். "நிறுத்துங்க சார். அவன்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"சார், நேரமாகுது!"

"எறங்கப்போவுது சார் சூரியன், அப்பால அவன எங்க போய்த் தேடறது?"

ஓரம் கட்டினேன். ஓடிப்போய், ஆட்டோவின் உள்ளே தலையைவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஓட்டுநர் பயந்துபோய்த் தானும் மன்னிப்புக் கேட்டார். உள்ளே இருந்த அம்மாள் ஒருவர் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டார்.

சேலையூர் தாண்டி ஒரு கார்க்காரர். செம்பாக்கத்தில் தவறான பக்கத்தில் வந்த பால் வண்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வசவு, ஒவ்வொரு வசவுக்கும் ஒரு நிறுத்தம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள், தங்கச்சி வீடு வர்ற வரைக்கும், யாரையும் திட்டாம வாங்களேன் சார்!"

"வாய் தன்னால வருது சார். நான் இன்னா பண்ணட்டும்?"

கர்சீப்பை எடுத்துத் தானே வாயில் திணித்துக்கொண்டார். மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரி எங்களை நடைபாதைக்கே தள்ளியது. பின்னாலிருந்து குக்கர் விசிலுக்கு முன் வருகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. அந்தக் கர்சீப்பை நான் என்றும் மறக்கமாட்டேன்.

பள்ளிக்கரணைக்குள் திரும்பியபோது கண்ணாடியில் சிவப்பு இல்லை. வானம் சாம்பல் பூத்துக் கிடந்தது. தங்கை வீட்டு வாசலில் கார் நின்றது, டிக்கி திறந்து பெட்டிகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கினார். கர்சீப்பை எடுத்தார். கைபேசியைப் பார்த்தார்.

"தாண்டிடுச்சு சார்," என்றார். "வாங்க, போலாம்."

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே அதிர்ச்சியாக இருக்கிறது. நான் சத்தம் போட்டுப் பேசாதவன் என்று பெயரெடுத்தவன். நடுத்தெருவில், ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி கத்தினேன்.

"யோவ்! உள்ள போறியா இல்லியா நீ? வந்த வழியெல்லாம் ஊர்ல இருக்கறவன் கால்லலாம் விழுந்துட்டு, இங்க வந்து டைம் பாக்கறியா?"

என் சத்தத்துக்குக் காரின் பின்னாலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கட்டை குட்டை. அண்ணனின் அதே முகம், நரைத்த பின்னல். இவரைப் பார்த்ததும் கையிலிருந்த பையைத் தரையில் போட்டார். குரல் எழுந்தது பாருங்கள், அதுவும் அண்ணனின் அதே குரல்.

"இத்தினி வருஷம் எங்க போய்த் தொலஞ்ச? நான் பிளைட் ஏறும்போதுதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"பாப்பா... அன்னிக்கு நான் வந்தேன். மழ. கயிறு கட்டிட்டாங்க. சூரியன் எறங்கிடுச்சு..."

"எறங்கட்டும்! அந்த வசனத்த அப்பா உனக்கு மட்டுமா சொல்லிக் குடுத்தாரு? கோவம் என்னுது. அன்னிக்கு சாயங்காலமே, கொட்ற மழைல, மெழுகுவத்திய ஏத்தி வெச்சுகினு நான் உன்ன மன்னிச்சிட்டேன். நீ வந்துதான் ஆவணும்னு எங்க போட்டுக்குது?"

அவர் கையிலிருந்த கர்சீப்பை முறுக்கினார்.

"நீ வராததுக்கு, நான் சிரிச்ச கோவம் உனக்கு இன்னும் போவல போலன்னு நெனச்சுகினு கீறேன் இத்தினி வருஷமா," என்றார் தங்கை. கீழே போட்ட பையைக் குனிந்து எடுத்தார்.

"எனக்குக் கோவமே இல்லியே பாப்பா. டைம் போயிடுச்சுன்னுதான்..."

நான் ஸ்கூட்டர் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் கோபம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை, தங்கைக்கும் இல்லை. ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமே இல்லாமல் இரண்டு பேர் இத்தனை வருஷம் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அஸ்தமனம் சார் எனக்குக் கொடுத்த அதிர்ச்சிகளில் இதற்கு ஈடு எதுவும் இல்லை.

அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "அப்பாவப் பத்தி அப்டி சொன்னேனே பாப்பா," என்றார். "அந்த வார்த்தைக்கு டைம் தாண்டிடுச்சு. தேதி போன டிக்கெட்டோடதான் வந்துகீறேன்."

"டிக்கெட் இல்லாம வந்தவன நீ ஒரு நாளாச்சும் வுட்டிருக்கியா?" என்றார் தங்கை. "நான் வுடறேன். உள்ள வா."

அவர் கேட்டைத் தாண்டி உள்ளே போனார். நான் அங்கே நின்று என்ன செய்வது? தெருமுனைக்குப் போய் ஒரு டீ சொன்னேன். அதைக் குடிக்காமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தேன். விமானத்தை அவர்கள் மயிரிழையில் பிடித்தார்கள். கார் டிரைவரை அஸ்தமனம் சார் வழி முழுக்க விரட்டியதாகவும், விமான நிலைய வாசலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகவும் பிறகு டீச்சர் சொன்னார். அவசரமே இல்லாத மன்னிப்பு அது. மறுநாள் அஸ்தமனம் வரை நேரம் இருந்தது.

தங்கை போகும்போது வீட்டுச் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டைப் பூட்டிப் போட வேண்டாம், நீயே இரு என்று சொல்லிவிட்டாராம். அடுத்த மாதமே எங்கள் கட்டடத்தைக் காலி செய்துகொண்டு பள்ளிக்கரணைக்குப் போய்விட்டார்கள். லாரி கிளம்புமுன் ஒவ்வொரு வீடாக ஏறி, விட்டுப்போன மன்னிப்பு ஏதாவது இருந்தால் அதையும் கேட்டு முடித்தார். கட்டடத்தில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். சங்கக் கூட்டத்தை மறுபடி இரவு எட்டு மணிக்கு மாற்றினார்கள். தண்ணீர் மோட்டாரைப் பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டின் குறுக்கே என் ஸ்கூட்டரை நான் எப்படி நிறுத்தினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

மனஸ்தாபங்கள் மட்டும் கட்டடத்தில் அங்கங்கே அப்படியே தங்க ஆரம்பித்தன. மூன்றாம் மாடிக்காரரும் இரண்டாம் மாடிக்காரரும் இப்போது லிப்டில் ஒன்றாக ஏறுவதில்லை. சாயங்காலமானால் நான் காரணமில்லாமல் வாசல் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக மனைவி சொன்னாள். நான் மறுத்தேன். மறுத்ததற்குச் சண்டை வந்தது. முடித்துவைக்க சோபாவில் யாரும் இல்லை.

போன வாரம் பொறுக்க முடியாமல் போன் செய்தேன்.

"சார், நான் உங்க மேல கோபமா இருக்கேன்," என்றேன்.

"என் மேலயா? நான் இன்னா சார் பண்ணேன்?"

"எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே."

அந்தப் பக்கம் பைக் சாவியை எடுக்கிற ஓசை கேட்டது.

"மணி இன்னா ஆவுது? அஞ்சு கூட ஆவல இல்ல? எங்கியும் போவாதீங்க சார், இதோ வந்துகினே கீறேன்."

நான் கீழே இறங்கிப் போய் கேட்டைத் திறந்து வைத்தேன். என் ஸ்கூட்டரைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, அவருடைய இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு நின்றேன்.